ஒரு நீர்நாயின் சம்மதம்

நாற்பது வயது தாண்டிய பிறகுதான் என் தலையை நான் முதன்முதலாகப் பார்த்தேன். கண்ணாடியில் பார்த்ததெல்லாம் கணக்கில் வராது. கண்ணாடி முன்னால் போனால் தலை தானாக ஒழுங்காக நின்றுகொள்ளும். சமையலறை மேசையில் மைலோ டின்மேல் கைப்பேசியைச் சாய்த்துவைத்து, அதைப் பார்த்து "ஆமாம்" என்று தலையசைத்து, பதிவானதைப் போட்டுப் பார்த்தபோதுதான் இத்தனை வருடம் தோளுக்குமேல் எதைச் சுமந்துகொண்டு திரிந்தேன் என்று தெரிந்தது. பூம்பூம் மாடு கெட்டது போங்கள்.

இந்தக் கூத்து எதற்கென்றால், அப்போது நான் பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு சின்ன அனிமேஷன் ஸ்டூடியோவில் புரபேஷனில் இருந்தேன். அதற்கு முன்னால் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு கம்பெனியில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தவன். கம்பெனி எங்கள் உற்பத்தி லைனைத் தூக்கிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போனது. கூட வேலை செய்தவர்கள் அடுத்த கம்பெனி, அதற்கடுத்த கம்பெனி என்று போய்ச் சேர்ந்துகொண்டார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே படம் வரைகிற கிறுக்கு உண்டு. இந்த வயதில் அது தலைக்கேறிவிட்டது.

ஒரு சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "வேற கம்பெனி தேடாம, இந்த அனிமேஷன் கோர்ஸ படிச்சுப் பார்க்கட்டுமா?" அவள் மடித்த துணியைத் தட்டி வைத்துவிட்டுத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். நம் வீடுகளில் சம்மதம் என்பது அவ்வளவுதான். முத்திரை குத்தியா தருவார்கள்? தலை தோள் பக்கம் சாயும், காரியம் நடக்கும். நான் சந்தோஷமாக எழுந்து போய்ப் பெயரைப் பதிந்துவிட்டேன்.

கோர்ஸ் முடிந்து, நான்கைந்து இடங்களில் உதட்டைப் பிதுக்கி அனுப்பிய பிறகு, சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மாடியில் இருந்த இந்த ஸ்டூடியோ என்னை எடுத்தது. கீழே காசு மாற்றும் கடை, மேலே நாங்கள். எனக்கு மேலதிகாரி ஒரு தமிழ்ப் பெண். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். என்னை "அண்ணே" என்று கூப்பிடுவாள், அதே மூச்சில் என் வேலையைக் குப்பையில் போடுவாள். நான் அவளை "பாஸ்" என்பேன். "பாஸுன்னு கூப்பிடாதீங்கண்ணே, கெழவி மாதிரி இருக்கு" என்பாள். அதற்காகவே இன்னும் இரண்டு தடவை கூப்பிடுவேன்.

அங்கே எனக்குக் கொடுத்த வேலை தலை. முழு உடம்பெல்லாம் அனுபவசாலிகளுக்கு. புதிதாக வந்தவன் கதாபாத்திரங்களின் தலையைத் திருப்ப வேண்டும், குனிய வைக்க வேண்டும், நிமிர்த்த வேண்டும். கேட்க என்னவோ சுலபமாகத்தான் இருந்தது. கணினியில் ஒவ்வொரு நொடியும் பல ஃபிரேம்களாகப் பிரிந்து கிடக்கும். அத்தனைக்கும் நாம் தலையைத் திருப்பவேண்டியதில்லை. முக்கியமான நிலைகளை மட்டும் வைத்தால் போதும், நடுவில் உள்ளதைக் கணினியே நிரப்பிக்கொள்ளும். நாம் வைக்கிற அந்த நிலைக்குப் பெயர்தான் கீ. இங்கே ஒரு கீ, அங்கே ஒரு கீ, தலை திரும்பிவிடும். அட, இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

முதல் நாள் ஒரு கிழட்டு ஆமையின் தலையை இடமிருந்து வலமாகத் திருப்பினேன். எண்ணெயில் வடை மிதந்து போகிற மாதிரி அது பாட்டுக்கு நகர்ந்து போனது. உயிரும் இல்லை, கழுத்தும் இல்லை. சரி, கீ போதவில்லை போலிருக்கிறது என்று நடுவில் இன்னும் சில வைத்தேன். தலை வெட்டி வெட்டி நகர்ந்தது. வெட்டுகிற இடத்திலெல்லாம் மேலும் வைத்தேன். கம்பெனிப் புத்தி அப்படி. மெஷின் ஆடினால் இன்னொரு திருகை முடுக்கு, இன்னும் ஆடினால் இன்னொன்று. சாயங்காலம் பாஸ் வந்து பார்த்தபோது ஆமை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இதுக்கு டெங்கியா?"

"நீங்கதானே பாஸ், தலை உயிரோட இருக்கணும்னு சொன்னீங்க."

"உயிரோட இருக்கணும்னு சொன்னேன், ஆஸ்பத்திரியில இருக்கணும்னு சொல்லலியே." சொல்லிவிட்டு நான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வைத்த கீகளையெல்லாம் மொத்தமாகப் பிடித்து அழித்தாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். அன்றைக்கு எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று இன்றைக்கும் ஆச்சரியம்தான். அவள் மூன்றே மூன்று கீ வைத்தாள். ஆமை முதலில் கண்ணைத் திருப்பியது. பிறகு கண் சிமிட்டி, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, ஒரு வளைவில் போய் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தது. எனக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

"தலை நேர்கோட்டுல போவாதுண்ணே. கண்ணு முன்னாடி போவும், தலை பின்னாடிதான் வரும். ஆளுங்களப் பாருங்க."

பார்த்தேன். எங்கள் வீடு கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில். தினமும் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி வருகிறவனுக்கு ஆளுக்கா பஞ்சம்? ஃபெரி வந்து கரையைத் தொடும்போது ஓர் ஆட்டம் ஆடும் பாருங்கள், அப்போது நிற்கிறவர்கள் எல்லாருடைய உடம்பும் முன்னால் போகும், தலை மட்டும் ஒரு கணம் பின்தங்கி, பிறகு ஓடிவந்து சேர்ந்துகொள்ளும். இத்தனை வருடம் அதே ஃபெரியில் போய்வந்தும் இது என் கண்ணில் பட்டதே இல்லை. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு ஒருவர் கடுப்பாகிவிட்டார். "என்னா சார், என் மூஞ்சியில படமா ஓடுது?" என்றார். உங்கள் கழுத்தைப் படிக்கிறேன் என்று சொன்னால் கடலில் தள்ளிவிடுவாரோ என்று பயந்து, மோட்டாரைத் துடைக்கிற பாவனையில் குனிந்துகொண்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கை வந்தது. கொக்கு திரும்பிப் பார்த்தது, குரங்கு கொட்டாவி விட்டது, ஆமைக்கு டெங்கி குணமானது. வேலை முடிந்து இறங்கும்போது விசில் அடித்துக்கொண்டுதான் படியிறங்குவேன். கம்பெனியில் இருந்த காலத்தில் ஒரு நாளும் அப்படி இறங்கியதில்லை.

ஆனால் புரபேஷன் முடிகிற மாதமும் வந்தது. கூடவே என் மைத்துனரின் போனும் வந்தது. மனைவியின் அண்ணன், சுங்கை பாக்காப்பில் இருக்கிறார், அங்கேயே ஒரு தொழிற்சாலையில் நல்ல பதவி. எனக்காக ஓர் இடத்தைச் சொல்லி வைத்திருந்தார்.

"மாப்ள, பொம்மைக்குத் தல ஆட்டி எத்தன நாளைக்கி ஓட்டுவீங்க? மாசக் கடைசிக்குள்ள ஒரு வார்த்த சொல்லிடுங்க. அதுக்கு மேல என்னால புடிச்சி வைக்க முடியாதுலா."

நல்ல மனிதர். தங்கை நன்றாக இருக்கவேண்டும் என்ற கவலை அவருக்கு. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இங்கே வேலை நிரந்தரமானால் அந்த இடம் வேண்டாம் என்று சொல்லலாம். ஆகாவிட்டால், வயதும் ஏறிய எனக்கு அதைவிட்டால் வேறு நாதி இல்லை. மறுபடியும் மெஷின். பிறகு இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க முடியாது என்று எனக்கே தெரியும்.

என்னைச் சோதிக்க பாஸ் கொடுத்தது ஒரே ஒரு ஷாட். ஆற்றங்கரையில் ஒரு நீர்நாய்க் குடும்பத்தின் கதை. குட்டி முதன்முறையாகத் தனியாக ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போகட்டுமா என்று தாயிடம் கேட்கிறது. தாய் வாயைத் திறக்காமல் தலையால் மட்டும் சரி என்று சொல்ல வேண்டும். பல மொழிகளில் போகிற படம், பேச்சு குறைவாக இருந்தால் எல்லாருக்கும் சௌகரியம் என்று டைரக்டர் முடிவு செய்திருந்தார். அவர் பினாங்குச் சீனர். எங்களோடு மலாயில்தான் பேசுவார், கலகலப்பான ஆள், ஆனால் வேலையில் கறார்.

இரண்டே நாளில் முடித்தேன். தாய் நீர்நாய் குட்டியைப் பார்த்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நிமிர்ந்தது. கண் முதலில், தலை பின்னால், வளைவு சரி, எல்லாம் சரி. பாஸ் பார்த்தாள். "சூப்பர்ணே" என்றாள். இருவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டைரக்டர் அறைக்கு எடுத்துப்போனோம்.

அறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள், மலாய்க்காரர்களும் சீனர்களும். ஷாட் ஓடியது. மறுபடியும் ஓடியது. டைரக்டர் எங்களைப் பார்த்து, "போலே கே, தா போலே?" என்று கேட்டார். போகலாமா, கூடாதா, இந்தத் தாய் என்னதான் சொல்கிறாள்?

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. "போகலாம்னுதானே சொல்றா, இதுகூடத் தெரியலையா?" என்று மலாயில் கேட்டேன். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்குத் தாய் "எனக்கென்ன தெரியும்" என்கிற மாதிரி இருந்ததாம். இன்னொருவருக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்ட மாதிரி இருந்ததாம். டைரக்டர் பாஸிடம் திரும்பி, "உனக்கும் இது சரி என்கிற மாதிரிதான் தெரிகிறதா?" என்று கேட்டார். அவள் மும்முரமாகத் தலையைப் பக்கவாட்டில் சாய்த்தாள். நானும் கூடவே சாய்த்தேன். டைரக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஸ்டூடியோவில் இருந்த தமிழர்கள் நாங்கள் இரண்டே பேர், நானே செய்து, அவளே சரி பார்த்து, ஒரு பச்சைத் தமிழ் நீர்நாயை ஆற்றங்கரையில் உட்கார வைத்திருந்தோம்.

"எந்த ஊர்ப் பிள்ளை பார்த்தாலும் புரிய வேண்டும்" என்று சொல்லி ஒரு வாரம் கொடுத்தார் டைரக்டர்.

அதனால் மேலும் கீழுமாகத் தலையசைக்கிற மாதிரி மாற்றினேன். அதற்காகத்தான் மைலோ டின்னும் பூம்பூம் மாடும். எல்லாருக்கும் புரியும் ஆமாம். ஆனால் பாஸ் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"பேங்க்ல நம்பர் கூப்ட்டா ஆளுங்க இப்டித்தாண்ணே தலையாட்டுவாங்க. புள்ள மொத தடவையா ஆத்தத் தாண்டிப் போவுது. அம்மா என்னா நெனைக்கிறான்னே தெரியல. தலை மட்டும் ஆடுது."

"ஆமாம்னு சொல்லணும்னீங்க, சொல்லிட்டா. இன்னும் என்னாத்த நெனைக்கணும் பாஸ்?"

"அது எனக்குத் தெரியாதுண்ணே. நீங்கதான் கண்டுபிடிக்கணும்." அவள் குரலில் கிண்டல் இல்லை. கிண்டல் இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. டைரக்டர் என்னை வேண்டாம் என்று சொன்னால் அவளால் ஒன்றும் செய்ய முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கைப்பேசியை மறுபடி டின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு ஆட்டிக்கொண்டிருந்தேன். மனைவி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். வாரம் முழுக்கப் பல் கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்து, வாயைத் திறக்க முடியாதவர்கள் தலையால் பேசுவதையெல்லாம் பார்க்கிறவள் அவள்.

"இன்னும் எத்தன தடவ ஆட்டுவீங்க? கழண்டு தோசக்கல்லுல விழப் போவுது."

"நீ கொஞ்சம் நடிச்சுக் காட்டேன். நான் உன் புள்ள. ஆத்தத் தாண்டிப் போறேன். போன்னு தலையால சொல்லு."

கைப்பேசியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். அவள் முகத்தைத் துடைத்து, முடியை ஒதுக்கி, அடையாளக் கார்டு போட்டோவுக்கு நிற்கிற மாதிரி விறைப்பாக நின்று ஒரு தலையாட்டு ஆட்டினாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளுக்குக் கோபம் வந்து தோசைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, உண்மையாகவே கேட்டேன்.

"இந்த ஷாட்டு பாஸாவலன்னாகூட, அண்ணன்கிட்ட போவாம, வேற ஸ்டூடியோ தேடிப் பார்க்கட்டுமா?"

அவள் தலையைச் சாய்த்தாள். தோசையைத் திருப்பிப் போட்டாள். அப்புறம் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, தன் போனை எடுத்துக்கொண்டு துணி காயப்போடப் பின்பக்கம் போனாள். நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கவனித்தேன், டின்மேல் கைப்பேசி இன்னும் பதிவு செய்துகொண்டே இருந்தது.

மறுநாள் ஸ்டூடியோவில் அதைப் போட்டேன். ஓடவிட்டுப் பார்த்தால் எனக்குப் பழக்கமான அதே சம்மதம்தான். எதற்கும் பார்ப்போம் என்று ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினேன். என் கேள்வி முடிகிறபோது அவள் கண் தோசைக்கல்லில் இருக்கிறது. முகவாய் இடது பக்கம் துளி போகிறது. திரும்பி வலது பக்கம் வரப் பார்க்கிறது. வேண்டாம் என்று சொல்லத் தொடங்கிய தலை அது. அங்கேயே நின்றுவிடுகிறது. தலை அசையாமல் இருக்க, கண் மட்டும் கல்லைவிட்டு ஏறி என் முகத்துக்கு வருகிறது. அங்கே கொஞ்சம் தங்குகிறது. தோள் இறங்குகிறது, ஒரு மூச்சு. அதற்குப் பிறகுதான் தலை சாய்கிறது.

முன்னும் பின்னுமாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். அந்த வேண்டாம் சாதாரணக் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் சம்மதத்தின் கடைசிப் பாதியை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்குத் துணி மடித்துக்கொண்டே தலை சாய்த்தாளே, அதற்கு முன்னாலும் இப்படி ஒன்று இருந்திருக்குமோ? யாரிடம் கேட்பது? அதை யாரும் படம் பிடித்து வைக்கவில்லை. அருமை மனைவியை நினைத்து வேலை நேரத்தில் கண் கலங்கி உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை இந்தப் பக்கம் தள்ளினார். அவர் சளி என்று நினைத்திருப்பார்.

பிறகு பழையதையெல்லாம் அழித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். தாய் நீர்நாய் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. குட்டி கேட்கிறது. தாயின் முகவாய் ஒரு பக்கம் துளி போகிறது, நிற்கிறது. கண் தண்ணீரைவிட்டுக் குட்டியின் முகத்துக்கு வருகிறது. அந்த இடத்தில் ஒன்றுமே அசையக்கூடாது என்று வைத்தேன். பழைய ஆளாக இருந்தால் அங்கே பத்துக் கீ குத்தியிருப்பேன். ஒரு மூச்சு, தோள் இறங்குகிறது, தலை மெல்லச் சாய்கிறது. தமிழ்ச் சாய்ப்புதான். அதை மட்டும் நான் மாற்றவில்லை.

பாஸ் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். "அண்ணே, யாருண்ணே இது?" என்றாள்.

"நீர்நாய் பாஸ்."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, டைரக்டர் அறைக்கு எடுத்துப்போனாள். நான் பின்னால் போய் நின்றேன். ஷாட் ஓடி முடிந்ததும் டைரக்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. அந்தத் தாய்க்கு மனசே இல்லை, ஆனாலும் விட்டுவிட்டாள் என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். சாய்ப்பைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கண்ணைப் பார்த்தவர்களுக்குத் தலை எந்தப் பக்கம் போனால் என்ன? "திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த ஷாட்டுக்குப் போனார். படியில் பாஸ் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். வலித்தது, ஆனால் சந்தோஷமாக இருந்தது.

வீட்டில் வேலை நிரந்தரமான விஷயத்தை நான் சொல்லவில்லை. சனிக்கிழமை மனைவியை மோட்டாரில் ஏற்றி, ஃபெரியில் கூட்டிவந்து, சூலியா தெருவில் வயிறு முட்ட நாசி கண்டார் சோறு வாங்கிக்கொடுத்து, பிறகு ஸ்டூடியோ மாடிக்கு அழைத்துப் போனேன். பாஸிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். என் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, ஷாட்டை ஓட்டினேன்.

அவள் முழுதும் பார்த்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். முடிந்ததும், "அந்தக் குட்டி திரும்பி வந்துருமா?" என்று கேட்டாள்.

"வந்துரும். கதை அப்படித்தான்."

"இது நான்தானே?"

"ஆமா." பிறகு கேட்டேன். "அன்னைக்கு, கோர்ஸ் படிக்கட்டுமான்னு கேட்டப்ப, நீ வேணாம்னுதானே நெனச்ச?"

"ஆமா." ஒரு தயக்கமும் இல்லை. "பயமா இருந்துச்சி. வேணாம்னு சொல்லத்தான் வாயெடுத்தேன்."

"அப்புறம் ஏன் சரின்ன?"

"ஒங்க மூஞ்சியப் பார்த்தேன்லா."

பிறகுதான் திங்கட்கிழமை கையெழுத்துப் போடப் போகிற விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியை அப்படியே பிடித்து வைக்க எந்தக் கீயாலும் முடியாது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று கைப்பேசியை எடுத்தேன். "ஒங்க அண்ணனுக்கு இப்பவே போன் பண்ணி, அந்த வேல வேணாம்னு சொல்லிடறேன். பாவம், மாசக் கடைசி வரைக்கும் புடிச்சி வச்சிருக்காரு."

"வேணாம். அதெல்லாம் நான் சொல்லிட்டேன்."

"எப்ப சொன்ன? எனக்கே முந்தாநேத்துதானே தெரியும்?"

"அந்த ஞாயித்துக்கெழமையே சொல்லிட்டேன். தோச சுட்டனே, அன்னைக்கு. துணி காயப்போடும்போது அண்ணனுக்குப் போன் பண்ணி, அந்த எடத்துக்கு வேற ஆளப் போட்டுக்கச் சொல்லிட்டேன்."

அப்போது ஷாட் பாஸாகவில்லை. நீர்நாய் பேங்கில் நம்பர் கூப்பிட்டதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அவளுக்கு அதெல்லாம் நன்றாகவே தெரியும். பயந்துகொண்டேதான் போய் அந்த ஒரே கதவையும் சாத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு இரண்டாவது தோசை வைத்திருக்கிறாள்.

"ஷாட்டு பாஸாவாம போயிருந்தா?" என்றேன்.

"வேற ஸ்டூடியோ தேடட்டுமான்னு கேட்டீங்கல்ல? தேடியிருப்பீங்க." சொல்லிவிட்டு, திரையில் நின்றிருந்த நீர்நாயைக் காட்டி, "இன்னொரு தடவ போடுங்க" என்றாள்.

போட்டேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் தலை எந்தப் பக்கம் போனது என்று எனக்குத் தெரியாது.